தினமும் இடுப்பில் வைக்க நம்பகமான கைத்துப்பாக்கி: கம்பம், போடி, குமுளிப் பக்கத்தவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வீடு கீழே கம்பத்தில், ஏலத்தோட்டம் மேலே இடுக்கியில். எங்கள் பக்கத்தில் இப்படி இருக்கிற குடும்பங்கள் ஏராளம். சனிக்கிழமை கூலிப் பணத்தோடு மலையேறுகிறோம், ஏலக்காய் விற்ற பணத்தோடு சில நாள் இருட்டிய பிறகு இறங்குகிறோம். வங்கிக் கணக்கில் பணம் போடுவது பழகிவிட்டாலும், கையில் காசு கொண்டுபோகும் நாள் இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

பல வருடமாக லைசென்ஸோடு ஒரு .32 ரிவால்வர் (.32 என்பது குண்டின் அளவு) வைத்திருக்கிறேன். சொந்தத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் நாலைந்து பேருக்குக் கூடவே போய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, எந்த மாடல் நல்லது?" அது ஐந்தாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் நான்கை விட்டுவிட்டு மாடலில் ஆரம்பித்தவர்கள்தான் பணத்தையும் மாதங்களையும் இழந்தார்கள். அதனால் கீழே இருக்கும் வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. தேவையை ஒரு தாளில் எழுதுங்கள்

எந்த நாளில், எந்த வழியில், எவ்வளவு நேரத்தில், யாரிடமிருந்து ஆபத்து என்று நினைக்கிறீர்கள்? எழுதிப் பாருங்கள். இதற்கு இரண்டு காரணம். உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்பதை லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி நம்ப வேண்டும். மிரட்டல் வந்திருந்தால் போலீஸில் கொடுத்த புகாரின் நகல், பணம் கொண்டுபோகும் தொழில் என்றால் அதன் கணக்கு, தோட்டத்தின் பட்டா, இவையெல்லாம் அப்போது கேட்பார்கள். இரண்டாவது காரணம், எழுதும்போதே பாதிப் பேருக்குத் துப்பாக்கி தேவையில்லை என்று தெரிந்துவிடும். பகலில் இறங்குவது, இரண்டு பேராகப் போவது, கூலியை வங்கி வழியாகப் போடுவது, இவற்றால் தீர்கிற பிரச்சினைக்குத் துப்பாக்கி வாங்காதீர்கள்.

"காட்டுப்பன்றி தொல்லை" என்று எழுதிவிட்டுக் கைத்துப்பாக்கி கேட்பது அடிக்கடி நடக்கும் தவறு. பயிர்ப் பாதுகாப்புக்கான லைசென்ஸ் வேறு, அதற்கு நீளத் துப்பாக்கிதான். யானைக்கும் காட்டு மாட்டுக்கும் .32 தோட்டா ஒன்றுமே செய்யாது, கோபத்தைத்தான் கிளப்பும். வனவிலங்குச் சட்டத்தில் வழக்கும் வந்து சேரும்.

இன்னொன்றையும் இப்போதே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். தற்காப்பு உரிமை பற்றி பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை பிரிவுகள் இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் இதுதான் நடைமுறை. தேவைக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. பையைப் பறித்துக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுகிறவனைச் சுட்டால், குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது நீங்கள். இதை ஏற்றுக்கொள்ள முடியாதவர் இங்கேயே நிறுத்திக்கொள்வது அவருக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

2. லைசென்ஸ் விண்ணப்பம்

ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016, இந்த இரண்டுதான் அடிப்படை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். தோட்டம் இடுக்கியில் இருந்தாலும் ரேஷன் கார்டும் ஆதாரும் தேனி மாவட்ட முகவரியில் இருந்தால் தேனி ஆட்சியர் அலுவலகம்தான். தோட்டத்து முகவரியைக் கொடுத்து அங்கே கேட்கலாமே என்று இரண்டு பேர் முயன்றார்கள். விசாரணைக்கு வந்த காவலர்கள் அக்கம்பக்கத்தில் கேட்டதும் "அவர் கம்பத்துக்காரர்" என்று பதில் வந்தது. விண்ணப்பம் அங்கேயே முடிந்தது.

தனிநபர் படிவம் ஏ-1. அதோடு உடல், மன நலத்துக்கு மருத்துவர் சான்று, வீட்டில் துப்பாக்கியைப் பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று (பயிற்சி பற்றி 4ஆம் பகுதியில் சொல்கிறேன்) ஆகியவை வேண்டும். போலீஸ் விசாரணைக்கு வரும்போது இரும்புப் பெட்டியோ லாக்கரோ சுவரில் பொருத்தப்பட்டு இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். பழைய அடிதடி வழக்கு எதுவும் இருந்தால் மறைக்க வேண்டாம். விடுதலை ஆகியிருந்தாலும் தீர்ப்பு நகலோடு நீங்களே எழுதிவிடுங்கள். வழக்கு இருந்தது ஒரு பிரச்சினை என்றால், அதை மறைத்தது இரண்டாவது பிரச்சினையாக வந்து சேரும், அதுதான் பெரிது.

லைசென்ஸ் கைக்கு வரும்வரை எந்தக் கடையிலும் முன்பணம் கொடுக்காதீர்கள். மாதங்கள் ஆகும், மறுக்கவும் படலாம். மறுத்தால் மேல்முறையீட்டுக்குச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் வழி இருக்கிறது.

3. எல்லை: எங்கள் பக்கத்துக்கே உரிய பெரிய தவறு

லைசென்ஸில் "செல்லுபடியாகும் பகுதி" என்று ஒரு இடம் இருக்கும். அதை வாசிக்காமல் மடித்துப் பைக்குள் வைக்கிறவர்கள்தான் அதிகம். தமிழ்நாடு என்று மட்டும் எழுதியிருந்தால், கம்பம்மெட்டில் மேலே ஏறியதும், போடிமெட்டைத் தாண்டியதும், குமுளியில் சாலையின் அந்தப் பக்கம் கால் வைத்ததும், உங்கள் இடுப்பில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. வீட்டிலிருந்து தோட்டம் அரைமணி நேரம்தான் என்பதெல்லாம் கணக்கில் வராது.

எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று வருடம் இப்படியே போய்வந்தார். ஒருநாள் கேரளப் பக்கம் ஜீப்பைச் சோதனை போட்டார்கள். அவர் பெருமையாக லைசென்ஸை எடுத்து நீட்டினார். அதிலேயே விடை எழுதியிருந்தது. துப்பாக்கி போனது, வழக்கு வந்தது, வக்கீலுக்குக் கொடுத்த பணத்தில் நாலு துப்பாக்கி வாங்கியிருக்கலாம்.

அதனால் விண்ணப்பிக்கும்போதே கேரளாவுக்கும் சேர்த்துக் கேளுங்கள். காரணமாகத் தோட்டத்தின் ஆவணம், கேரளத்தில் கட்டிய நிலவரி ரசீது, ஏலக்காய்ப் பதிவுச் சான்று, புற்றடியிலோ போடியிலோ ஏலத்தில் காய் விற்ற பில்கள் ஆகியவற்றை வையுங்கள். லைசென்ஸ் முன்பே வாங்கியிருந்தால் பகுதியை விரிவாக்கத் தனியாக மனு கொடுக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை எல்லையைத் தாண்டும் நாளில் துப்பாக்கி வீட்டு லாக்கரில் இருக்கட்டும்.

காட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972இன் 31ஆம் பிரிவு, எழுத்து மூலம் முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது. குமுளியில் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் தேக்கடிப் படகுக்குக் கூட்டிப்போகிறவர், இடுப்பில் இருப்பதை மறந்துவிடுவார். அந்த இடம் பெரியார் புலிகள் காப்பகம். தினமும் வைத்துக்கொள்கிற பொருளில் இதுதான் சிக்கல், இருப்பதே நினைவில் இருக்காது. பள்ளிக்கூட ஆண்டு விழா, கல்யாண மண்டபம், கோயில் கூட்டம், இங்கெல்லாம் போகும் நாளில் காலையிலேயே வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நடுவழியில் யோசித்தால் ஜீப்பின் டேஷ்போர்டுதான் கிடைக்கும். அங்கே வைக்கவே கூடாது.

4. வாங்கும் முன் பயிற்சி

ஆயுத விதிகள் 2016 பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. அதைச் சான்றிதழுக்காக மட்டும் முடித்துவிடாதீர்கள். ரைபிள் கிளப்பிலோ பயிற்சி மையத்திலோ ரிவால்வரும் பிஸ்டலும் இரண்டையும் கையில் எடுத்துச் சுட்டுப் பார்க்க அதுதான் ஒரே வாய்ப்பு. கடையில் சுட்டுப் பார்க்க விடமாட்டார்கள்.

அங்கே நான்கு பழக்கம் உடம்பில் ஏற வேண்டும். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும். சுட விரும்பாத எதன் மேலும் பேரல் (குழாய்) திரும்பக் கூடாது. குறி பார்க்கும் வரை விரல் ட்ரிகருக்கு (சுடும் விசைக்கு) வெளியே நேராக இருக்க வேண்டும். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். புதியவர்கள் மூன்றாவதில்தான் தவறுவார்கள். துப்பாக்கியை எடுத்ததும் விரல் தானாக உள்ளே போகும். பயிற்சியாளர் சத்தம் போட்டால் கோபப்படாமல் கேளுங்கள், அவர் உங்கள் தொடையைக் காப்பாற்றுகிறார்.

5. ரிவால்வரா, பிஸ்டலா?

இப்போது மாடலுக்கு வரலாம். யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு 9 மி.மீ. பிஸ்டல் கேட்காதீர்கள். இங்கே அது தடை செய்யப்பட்ட வகை. சாதாரண லைசென்ஸில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32 ரிவால்வர் அல்லது .32 பிஸ்டல். .22ம் இருக்கிறது, ஆனால் அது குறி பார்த்துப் பழகுவதற்கு நல்லது. விளிம்பில் அடித்து வெடிக்கும் அந்தத் தோட்டாவில் வெடிக்காமல் போவது கொஞ்சம் அதிகம் என்பதால் உயிரை அதன் மேல் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன்: வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் சுடப் போகிறீர்கள் என்றால் ரிவால்வர் வாங்குங்கள். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் இன்னொரு முறை ட்ரிகரை இழுத்தால் போதும், தோட்டா அறைகள் உள்ள சிலிண்டர் என்ற உருளை சுழன்று அடுத்த தோட்டா வரும். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது திறந்தால் கண்ணுக்குத் தெரியும். பிஸ்டலில் தோட்டா அடுக்கும் மேகசின் என்ற பெட்டி ரிவால்வரில் கிடையாது, அதன் ஸ்பிரிங் பற்றிய கவலையும் கிடையாது.

பிஸ்டல் தட்டை, சட்டைக்குள் துருத்தாது, மறுபடி தோட்டா போடுவதும் வேகம். ஆனால் தோட்டா, மேகசின், பிடி மூன்றும் சரியாக இருந்தால்தான் அது ஓடும். மணிக்கட்டைத் தளர விட்டுச் சுட்டால் ஸ்லைடு என்ற மேல் பாகம் முழுசாகப் பின்னால் போகாமல், சுட்ட தோட்டாவின் காலிப் பித்தளை உறை வாயில் மாட்டிக்கொள்ளும். அதை இரண்டு நொடியில் சரிசெய்யும் பழக்கம் மாதா மாதம் சுடுகிறவருக்குத்தான் வரும். அப்படிச் சுடுவேன் என்று உறுதியாக இருக்கிறவர் பிஸ்டல் எடுக்கலாம்.

அரசுத் தொழிற்சாலை ரிவால்வர்களில் பழைய .32, நடுவில் மடங்கித் திறக்கும் வகை. கான்பூரில் 2014இல் வந்த நிர்பீக் டைட்டானியம் கலவையால் ஆனது, எடை 500 கிராம். 2023இல் வந்த பிரபல் சுமார் 700 கிராம், அதில் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். பிஸ்டலில் அரசுத் தயாரிப்பு அஷானி. தனியார் தயாரிப்புகளும் இப்போது கடைக்கு வருகின்றன.

குறைந்த எடை என்றதும் மயங்க வேண்டாம். இலேசான துப்பாக்கி இடுப்புக்குச் சுகம், சுடும்போது கையில் அதிகம் துள்ளும். .32க்கு உதைப்பு குறைவுதான், அதனால் 700 கிராமை இடுப்பு தாங்குமானால் அதையே எடுங்கள். நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கி எடை தாங்காமல் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவீர்கள் என்றால் 500 கிராம்.

6. தோட்டா: பெயர் ஒன்று, பொருள் இரண்டு

இதைத் தனியாக எழுதக் காரணம், இங்கே தவறினால் கை போகும். ".32 தோட்டா" என்று கடையில் கேட்டால் இரண்டு வகை இருக்கிறது. ரிவால்வருக்கானது நீளம், உறை சுமார் 23 மி.மீ., அடியில் வெளியே தெரியும் விளிம்பு. பிஸ்டலுக்கானது குட்டை, உறை சுமார் 17 மி.மீ., அதை 7.65 மி.மீ. என்றும் எழுதியிருப்பார்கள். பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர் சிலிண்டரில் நுழைந்து உட்காரவும் செய்யும். உட்கார்கிறது என்பதற்காகச் சுடக் கூடாது. அளவும் அழுத்தமும் வேறு.

உங்கள் லைசென்ஸில் எந்த வகை, எத்தனை தோட்டா என்று எழுதியிருக்கும். ரிவால்வர் என்று வாங்கிவிட்டுப் பிறகு பிஸ்டலுக்கு மனம் மாறினால் மறுபடி அலுவலகம் போக வேண்டும். அதனால்தான் பயிற்சியை முன்னால் வைத்தேன்.

உள்நாட்டுத் தோட்டாக்களில் கே.எஃப் முத்திரை போட்டவை புனே பக்கம் கட்கி தொழிற்சாலையில் வருபவை. பெட்டியில் இருக்கும் ஆண்டைப் பாருங்கள். பித்தளையில் பச்சை படிந்தது, நசுங்கியது, குண்டு உறைக்குள் அமுங்கியது, அடியில் பொறி மூட்டும் பிரைமர் மேடாகத் துருத்தியது, இவற்றைத் தனியாக எடுத்து வைத்துக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். நம்பகமான துப்பாக்கி என்று பேசும்போது பாதி நம்பகம் தோட்டாவில்தான் இருக்கிறது. "துப்பாக்கி சுடவில்லை" என்று என்னிடம் கொண்டுவந்ததில் பெரும்பகுதி பழைய தோட்டாக்கள்.

7. கைக்குப் பொருந்துகிறதா?

கடைக்காரர் காலி என்று சொன்னாலும் நீங்களே திறந்து பாருங்கள். ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவுங்கள். அதன் பிறகுதான் அடுத்தது.

பிடியைக் கையில் பொருத்தி, பேரலும் முன்கையும் ஒரே கோட்டில் வரும்படி வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரில் சுலபமாகப் படிய வேண்டும். நுனி மட்டும் தொட்டால் பிடி உங்களுக்குப் பெரிது. பின்பக்கத்தில் சுத்தியல் மாதிரி இருக்கும் ஹேமரைக் கட்டைவிரலால் பின்னால் இழுக்காமல், ட்ரிகரை மட்டும் முழுசாகப் பத்து முறை இழுங்கள். இதைத்தான் டபுள் ஆக்ஷன் என்பார்கள், ஆபத்து நேரத்தில் நீங்கள் செய்யப்போவது இதுதான். ஏழாவது எட்டாவது இழுப்பில் முன் குறி நடுங்கி ஆடினால் அந்தத் துப்பாக்கி உங்களுக்குக் கனம். ஹேமரைத் தூக்கி வைத்துச் சுட்டால் இலேசாக இருக்கிறதே என்று அதை வைத்து முடிவு செய்கிறார்கள். பயத்தில் கட்டைவிரல் வழுக்கும், அந்தக் கணக்கு அப்போது உதவாது.

வெறும் அறையில் ஹேமரை அடிக்க விட்டால், தோட்டாவின் அடியைக் குத்தும் ஃபயரிங் பின் கெடலாம். டம்மி தோட்டா போட்டு இழுக்கக் கடைக்காரரிடம் கேளுங்கள். மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

8. கடையில் செய்ய வேண்டிய சோதனை

புதிதோ பழையதோ, எல்லாவற்றுக்கும் இதே வரிசை. ஒரு சின்ன டார்ச், ஒரு வெள்ளைத் தாள், முடிந்தால் இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ் கொண்டுபோங்கள். டூவீலர் மெக்கானிக்கிடம் இருக்கும் அதே கேஜ்தான்.

முதலில் எண்ணும் முத்திரையும். உடலில் பொறித்த எண் பில்லில் எழுதப்போகும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். அழுத்தச் சோதனை முடிந்த முத்திரை பேரலிலும் சிலிண்டரிலும் இருக்க வேண்டும். எண்ணைத் தேய்த்த தடம் தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள்.

அடுத்தது சிலிண்டர் பூட்டு. டம்மி தோட்டா போட்டு, ஹேமரை மெதுவாகக் கடைசிவரை இழுத்து நிறுத்துங்கள். ஹேமர் நிற்கும் அதே நேரத்தில் சிலிண்டர் "டிக்" என்று பூட்டிக்கொள்ள வேண்டும். இதை ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் பிந்தினாலும் வேண்டாம். அறையும் பேரலும் நேராக நிற்காதபோது சுட்டால் குண்டு ஓரத்தைச் சீவிக்கொண்டு போகும், ஈயத் தூள் பக்கவாட்டில் முகத்தில் தெறிக்கும்.

பூட்டிய நிலையில் சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சின்ன அசைவு இருக்கலாம். முன்பின் ஆட்டம் கைக்குத் தெளிவாகத் தெரிந்தால் தேய்மானம். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருந்தால் நல்லது. அதைவிடக் குறைந்தால் நாலு தோட்டா சுட்டதும் புகைக்கரி படிந்து சிலிண்டர் சுற்றாது, அதிகமானால் வேகமும் போகும் தீப்பொறியும் தெறிக்கும்.

மடங்கித் திறக்கும் வகையில் மேல் பூட்டுதான் உயிர்நாடி. மூடிய பிறகு பேரலை ஒரு கையிலும் பிடியை மறு கையிலும் பிடித்து மெல்ல முறுக்கிப் பாருங்கள். கொஞ்சம்கூட ஆடக் கூடாது. கீல் ஆணியிலும் ஆட்டம் இருக்கக் கூடாது. தாத்தா காலத்து வெளிநாட்டு ரிவால்வரை வாரிசாகப் பெறுகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெளியே பளபளப்பாக இருக்கும், பூட்டு தளர்ந்திருக்கும்.

பேரலுக்குள் வெள்ளைத் தாளை வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். வளையம் மாதிரி ஒரு நிழல் தெரிந்தால் ஏற்கனவே அடைத்த குண்டின் மேல் இன்னொன்று சுட்டுப் பேரல் உப்பியிருக்கிறது. அதை எவ்வளவு விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள்.

கடைசியாக டம்மி தோட்டாக்களைப் போட்டுத் திறந்து, காலி உறைகள் எல்லாம் ஒரே சீராக வெளியே வருகின்றனவா என்று பாருங்கள். உறைகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் ஒன்று நழுவி மாட்டினால், நிஜத்திலும் அங்கேதான் மாட்டும்.

பிஸ்டல் என்றால் சோதனை சுருக்கம்: சேஃப்டி போட்ட நிலையில் ட்ரிகர் இழுத்தால் ஹேமரோ பின்னோ விழக் கூடாது, மேகசின் தானாக நழுவக் கூடாது, மேகசின் வாயின் இரு உதடுகளும் வளையாமல் இருக்க வேண்டும். இரண்டு மேகசின் கிடைத்தால் வாங்குங்கள்.

9. வாங்கியதும் பதிவு

லைசென்ஸில் கொடுத்த காலத்துக்குள் வாங்க வேண்டும். வாங்கியதும் துப்பாக்கி எண்ணையும் தோட்டா எண்ணிக்கையையும் கடைக்காரர் லைசென்ஸில் ஏற்ற வேண்டும். பிறகு அலுவலகத்தில் காட்டிப் பதிவு முடியுங்கள். பதிவில் ஒரு எண் மாறிப் போனால் சரிசெய்ய நீங்கள்தான் அலைய வேண்டும், அதனால் கவுன்டரிலேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். ஒருவர் வைத்திருக்கக் கூடியது அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி. 2019 திருத்தத்துக்கு முன் மூன்றாக இருந்தது. அப்பாவின் நாட்டுத் துப்பாக்கி உங்கள் பெயருக்கு மாறியிருந்தால் அதையும் சேர்த்துத்தான் கணக்கு.

10. சுட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள்

கடைச் சோதனையில் தேறியது இன்னும் நம்பகமான துப்பாக்கி ஆகவில்லை. அனுமதி உள்ள ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) மட்டும், நீங்கள் தினமும் போடப்போகும் அதே வகைத் தோட்டாவில் குறைந்தது முப்பது சுடுங்கள். விலை வலிக்கும், உண்மைதான். தோட்டத்தில் ஒதுக்குப்புறமாகச் சுட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஏழு மீட்டரில் ஆரம்பியுங்கள். முதல் ஆறு மெதுவாக, பிறகு டபுள் ஆக்ஷனில். ஒவ்வொரு உறையின் அடியிலும் பின் பதிந்த குழியைப் பாருங்கள். ஆழமாகவும் நடுவிலும் இருக்க வேண்டும். இலேசாகவோ ஓரத்திலோ பதிந்திருந்தால் மெயின் ஸ்பிரிங்கோ பூட்டோ சரியில்லை. இந்தச் சின்னக் குழி சொல்கிற உண்மையை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

"க்ளிக்" என்று மட்டும் வந்தால் ரேஞ்சில் உடனே திறக்காதீர்கள். பேரலைக் குறிப்பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். சத்தம் "பொத்" என்று வழக்கத்துக்குக் குறைவாக வந்தால் அதோடு நிறுத்தி, காலி செய்து, பேரலுக்குள் குண்டு நின்றிருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் அடுத்ததை இழுப்பவர்கள்தான் பேரலை உப்ப வைக்கிறார்கள்.

முப்பதில் ஒன்று வெடிக்காமல் போனாலும் காரணம் தெரியும்வரை இடுப்பில் வைக்காதீர்கள். அதே தோட்டாவை மறுபடி போட்டு வெடித்தால் அடி போதவில்லை, துப்பாக்கியைத் தயாரிப்பாளரிடமோ லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடமோ கொடுங்கள். மறுபடியும் வெடிக்காவிட்டால் அந்தத் தோட்டாப் பெட்டியையே மாற்றுங்கள்.

11. உறையும் உடையும்

ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடலோடு இணைந்த உறையிலோ பையிலோ முழுசாக மறைந்து, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டுவதே குற்றம். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2019 திருத்தத்தின்படி இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

எங்கள் பக்கத்தில் உறைக்கு எதிரி வேட்டி. பணம் வைக்கும் பச்சை பெல்ட் பைக்குள் ரிவால்வரைச் செருகி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துணி ட்ரிகரை மூடாது, சாவிக்கொத்தும் சில்லறையும் அதற்குள் போய் மாட்டும், கவிழ்ந்தும் விழும். பணம் எடுக்கும்போதெல்லாம் துப்பாக்கியும் ஊருக்குத் தெரியும். ட்ரிகர் வளையத்தை முழுசாக மூடும் கெட்டியான உறை, அதைத் தாங்க ஒன்றரை அங்குலத் தடித்த பெல்ட், பேன்ட், மேலே தளர்வான சட்டை. துப்பாக்கி எடுத்துப்போகும் நாளில் வேட்டி வேண்டாம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

உறையை வாங்கியதும் காலித் துப்பாக்கியைப் போட்டு ஜீப்பில் உட்கார்ந்து பாருங்கள். மேடு பள்ளத்தில் முன்னால் சாய்ந்து ஏறுங்கள், குனிந்து மூட்டையைத் தூக்குங்கள். பேரல் தொடையைப் பார்க்கிறதா, நழுவுகிறதா என்று தெரிந்துவிடும். ஹேமர் விழாமல் தடுக்கும் அமைப்பு உள்ளே இருப்பது உறுதியாகத் தெரியாத பழைய ரிவால்வர் என்றால், ஹேமருக்கு நேர் அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டாவோடு வையுங்கள். கீழே விழுந்தால் வெடிப்பது அப்படிப்பட்டவைதான்.

12. மேலே மழை, கீழே வியர்வை

வண்டன்மேட்டு மழையில் ஜூன் முதல் எதுவும் காய்வதில்லை. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குள்ளேயே துப்பாக்கியை விட்டால் ஒரு வாரத்தில் சிலிண்டர் ஓரத்தில் செம்புள்ளி வந்துவிடும். எங்கள் தோட்டத்தில் எனக்கே இது நடந்தது. அதிலிருந்து ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை எடுத்து, துணியால் துடைத்து, இலேசாகத் துப்பாக்கி எண்ணெய் தடவி, உறையை வேறாகவும் துப்பாக்கியை வேறாகவும் வைக்கிறேன்.

எண்ணெய் அதிகமானாலும் கெடுதல். சிலிண்டர் அறைக்குள் வழிந்தால் பிரைமருக்குள் இறங்கித் தோட்டா செத்துப்போகும். அறைகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டே தோட்டா போடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மலைக் குளிரில் உறைந்து பிசின் மாதிரி ஆகும், ட்ரிகர் கனக்கும். இடுப்பில் வைத்துச் சுற்றிய தோட்டாக்களை வருடத்துக்கு ஒருமுறை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியது போடுங்கள்.

வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில். சாவி இருக்கும் இடம் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. அலமாரியின் மேல்தட்டு பாதுகாப்பு கிடையாது, எட்டு வயதுப் பிள்ளை நாற்காலி போட்டு ஏறும். வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கும் காலம் வந்தால், சாவியை மறைப்பது போதாது. துப்பாக்கியையே கொஞ்ச நாள் லைசென்ஸ் உள்ள கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

13. புதுப்பித்தலும் தேர்தலும்

லைசென்ஸ் இப்போது ஐந்து வருடத்துக்கு. முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே மனு கொடுங்கள். தேதி தாண்டிய மறுநாள் உங்கள் வீட்டில் இருப்பது சட்டவிரோத ஆயுதம். காணாமல் போனால் அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2021இல் தமிழ்நாடும் கேரளாவும் ஒரே நாளில், ஏப்ரல் 6 அன்று வாக்களித்தன, எங்களுக்கு வேலை ஒருமுறையோடு முடிந்தது. உள்ளாட்சித் தேர்தல் அப்படி வராது. கேரளத்தில் மட்டும் தேர்தல் நடக்கும்போது இங்கே ஒப்படைக்கச் சொல்லவில்லையே என்று மேலே கொண்டுபோகாதீர்கள்.

ஒப்படைக்கும் முன் எண்ணெய் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி, எண்ணையும் தோட்டா எண்ணிக்கையையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது கையெழுத்துப் போடும் முன் அங்கேயே திறந்து, பேரலில் டார்ச் அடித்து, ஆறு அறையும் பூட்டுகிறதா என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஈர அறையில் இரண்டு மாதம் கிடந்த துப்பாக்கியை, ரேஞ்சில் பன்னிரண்டு தோட்டா சுட்டுப் பார்த்த பிறகுதான் மறுபடி இடுப்பில் வைக்க வேண்டும்.